பின்லாந்தில் வீடற்றோர் பிரச்சினையும் ‘வீடு முதலில்’ கொள்கையும் – ஒரு வரலாற்று நோக்கு

வழிப்போக்கருக்கு இராத்தங்க இடமளித்தல் தமிழர் வாழ்வில் தொன்றுதொட்டுப் பேரறமாகக் கொள்ளப்பட்டு வந்துள்ளது. அம்பலம், சாவடி, சத்திரம், மடம் எனப் பல பெயர்களால் வழங்கிய கட்டடங்கள் அவ்வறத்தின் புறவடிவங்களாகும். பருத்தித்துறையில் வீதியை மூடி நிற்கும் தெருமூடிமடம் இம்மரபுக்கு இன்றும் சான்று பகருகின்றது. மணிமேகலைக் காப்பியமும் புகார் நகரத்து உலக அறவி என்னும் பொது அம்பலத்தையும் அங்கு ஆதரவற்றோர் திரண்டிருந்த நிலையையும் சித்திரிக்கின்றது. ஆயின், வழிப்போக்கனுக்கும் வீடற்றோனுக்குமிடையே அடிப்படையான வேறுபாடொன்று உண்டு. வழிப்போக்கனுக்குப் புறப்பட்ட வீடொன்றும் திரும்பிச் செல்லும் வீடொன்றும் உள. அவனுக்கு வேண்டுவது இடையில் ஓர் இரவுத் தங்கல் மாத்திரமே. வீடற்றோனுக்கோ விடிந்தபின் செல்வதற்கு இடமில்லை. அவனுக்கும் ஓர் இரவுப் படுக்கை போதுமெனக் கருதியமை உலகின் பல நாடுகளிலும் நெடுங்காலம் நிலவிய தவறாகும்.

இத்தவற்றைப் படிப்படியாக உணர்ந்து, இரவு விடுதிகளைக் குறைத்து, அவற்றினிடத்தில் நிலையான வாடகை வீடுகளையும் அவற்றோடிணைந்த உதவிச் சேவைகளையும் அமைத்த நாடுகளுள் பின்லாந்து முதன்மையானது. ஐம்பத்தைந்து இலட்சத்தைச் சற்றே விஞ்சிய மக்கள் தொகையும் கடுங்குளிரும் கொண்ட அந்நாடு, கடந்த அரை நூற்றாண்டுக்கு மேலாக இப்பிரச்சினையோடு நடத்திய போராட்டம் சமூக வரலாற்று மாணவருக்குப் பல பாடங்களைத் தருவது. அதன் வெற்றியை மாத்திரமன்றி, அவ்வெற்றி தங்கியிருந்த அடித்தளங்களையும் அண்மைக்காலத்தில் அவை தளர்ந்தவாற்றையும் ஒருங்கே நோக்குதல் அவசியமாகும்.

போரும் குடியமர்வும்

1939 ஆம் ஆண்டு முதல் 1944 ஆம் ஆண்டு வரை சோவியத்து ஒன்றியத்துடன் இரு தடவை பொருதிய பின்லாந்து, கிழக்கிலிருந்த கரேலியப் பகுதியின் பெரும்பாகத்தை இழந்தது. அங்கிருந்து நான்கு இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் இடம்பெயர்ந்தனர். அக்கால மக்கள் தொகையில் இது பத்திலொரு பங்கினும் மிகுந்ததாகும். 1945 இல் நிறைவேற்றப்பட்ட காணிகொள்ளற் சட்டத்தின் கீழ் இடம்பெயர்ந்தோருக்கும் போரிலிருந்து மீண்ட படைவீரருக்கும் நிலம் வழங்கப்பட்டது. ஒரே மாதிரியான வரைபடத்தின்படி மரத்தாற் கட்டப்பட்ட சிறு வீடுகள் நாடெங்கும் எழுந்தன. 1949 இல் ‘அரவா’ எனப்படும் அரச வீடமைப்புக் கடன் முறை தொடங்கிற்று. ஏழ்மையுற்றிருந்த நாடொன்று, முகாம்களிலே மக்களை நெடுங்காலம் நிறுத்திவைக்காது, சில ஆண்டுகளுள் அவர்களைத் தத்தம் வீடுகளிற் குடியமர்த்திற்று. வீடமைப்பு அரசின் கடமைகளுள் ஒன்று என்னும் எண்ணம் பின்லாந்து மக்களிடையே வேரூன்றியமைக்கு இவ்வனுபவமே தலையாய காரணம் எனலாம்.

எனினும் இக்குடியமர்வு குடும்பங்களை மையமாகக் கொண்டது. தனியாக வாழ்ந்த ஆடவர் இதன் பயனை அதிகம் பெறவில்லை. காடுகளில் மரம் தறித்தும், துறைமுகங்களிலும் கட்டட வேலைகளிலும் கூலி பெற்றும், இடத்துக்கு இடம் பெயர்ந்து வாழ்ந்த இவர்களுட் பலர் போரினால் உடலும் உள்ளமும் குலைந்தவர்கள். தலைநகரான ஹெல்சிங்கியில், குண்டுவீச்சிலிருந்து தப்புவதற்கென நிலத்தின் கீழே அமைக்கப்பட்ட பதுங்கிடங்கள் போரின் பின்னர் இத்தகையோரின் படுக்கையிடங்களாயின. 1960களில் நாட்டுப்புறங்களிலிருந்து தென்பகுதி நகரங்களை நோக்கிப் பெருங்குடிப்பெயர்வு நிகழ்ந்தபோது இவர்களது தொகை மேலும் பெருகிற்று.

சட்டத்தின் நோக்கும் 1967 ஆம் ஆண்டும்

அக்காலச் சட்டம் இவர்களை உதவிக்குரியோராக அன்றிக் கண்காணிப்புக்குரியோராகவே நோக்கிற்று. 1936 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் சட்டம், தொழிலும் உறைவிடமுமின்றித் திரிவோரைக் கண்காணிப்பில் வைக்கவும் தொழில் நிலையங்களுக்கு அனுப்பவும் அதிகாரிகளுக்கு இடமளித்தது. இத்தகைய சட்டங்கள் பின்லாந்துக்கு மாத்திரம் உரியனவல்ல. இங்கிலாந்தில் 1824 இலும், பிரித்தானியர் ஆட்சியின் கீழ் இலங்கையில் 1841 இலும் இதே நோக்கில் சட்டங்கள் இயற்றப்பட்டன. வீடின்மையை ஒருவனது ஒழுக்கக் குறைவின் விளைவாகக் கருதும் மனப்பான்மை இவற்றுக்கெல்லாம் பொதுவானது.

இம்மனப்பான்மையை உலுக்கிய ஆண்டு 1967 ஆகும். அவ்வாண்டின் குளிர்காலத்தில் ஹெல்சிங்கியில் வீடற்றோர் பலர் உறைபனியிற் சிக்கி உயிரிழந்தனர். செல்வம் பெருகிவந்த தலைநகரில் மனிதர் குளிரால் மடிவது இளந்தலைமுறையினரின் மனச்சான்றைத் தைத்தது. மருத்துவரான இல்க்கா தைப்பலே போன்றோர் முன்னின்று ‘நவம்பர் இயக்கம்’ என்னும் அமைப்பை அவ்வாண்டிலேயே உருவாக்கினர். வீடற்றோர், மதுவுக்கு அடிமையானோர், மனநோயாளர், சிறைவாசிகள் ஆகியோரின் உரிமைகளை இவ்வியக்கம் முன்வைத்தது. பொதுமக்களின் கண்டனத்துக்கு முகங்கொடுத்த நகராட்சி, ருவோஹோலஹ்தி என்னும் பகுதியிலிருந்த பழைய வர்ணப்பூச்சுக் களஞ்சியமொன்றை இரவு விடுதியாக மாற்றிற்று. 1979 வரை அது வீடற்ற ஆடவரின் தங்குமிடமாக விளங்கிற்று.

உயிர் காத்தல் என்ற அளவில் இந்நடவடிக்கை இன்றியமையாதது. ஆயின் அது வழங்கியது படுக்கையொன்றையே. உறங்குவோன் தன் பொருள்களைப் பூட்டிவைக்க இடமின்றி, விருந்தினரை வரவேற்க உரிமையின்றி, முகவரியின்றி வாழ்ந்தான். முகவரியின்மையால் நிலையான தொழில் பெறுதலும் அரிதாயிற்று. விடுதி உயிரைக் காத்ததேயன்றி வாழ்வைத் தரவில்லை என்பதை நவம்பர் இயக்கத்தினர் அக்காலத்திலேயே உணர்ந்திருந்தனர்.

1980களின் திருப்பம்

1980களின் நடுப்பகுதியில் மூன்று நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. முதலாவது, 1985 இல் ‘ஒய் அறக்கட்டளை’ நிறுவப்பட்டமை. ஹெல்சிங்கி முதலிய பெருநகரங்கள், லூதரன் திருச்சபை, செஞ்சிலுவைச் சங்கம், மனநல அமைப்பு, கட்டடத் தொழில் முதலாளிமார், கட்டடத் தொழிலாளர் சங்கம் எனப் பல்வேறு தரப்பினர் இதில் ஒன்றிணைந்தனர். முதலாளிமாரும் தொழிற்சங்கமும் ஒரே மேசையில் அமர்ந்து வீடற்றோருக்கென அமைப்பொன்றை உருவாக்கியமை கருத்திற் கொள்ளத்தக்கது. இவ்வமைப்பு புதிய குடியிருப்புகளைத் தனியாகக் கட்டி வீடற்றோரை ஓரிடத்தில் ஒதுக்கிவைக்க முயலவில்லை. சாதாரண தொடர்மாடிகளில் ஆங்காங்கே ஒவ்வொரு வீடாக வாங்கி, அவற்றை நகராட்சிகள் மூலம் வாடகைக்கு வழங்கிற்று. இதற்கு வேண்டிய பணத்தின் ஒரு பகுதி நாணயச் சூதாட்ட இயந்திரங்களை நடத்தும் ஏகபோக உரிமை பெற்ற சங்கத்தின் வருவாயிலிருந்து மானியமாகக் கிடைத்தது.

இரண்டாவது, அலைந்து திரிவோர் சட்டம் நீக்கப்பட்டமை. 1986 இல் அதனை நீக்க முடிவு செய்யப்பட்டு, 1987 தொடக்கம் அது வழக்கொழிந்தது. வீடின்மை அதன்பின் சட்டத்தின் முன் குற்றச்சாயல் பெறவில்லை.

மூன்றாவது, 1987 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையினால் வீடற்றோருக்கு உறைவிடமளிக்கும் சர்வதேச ஆண்டாகப் பிரகடனஞ் செய்யப்பட்டமை. இவ்வாண்டுக்கும் இலங்கைக்கும் நேரான தொடர்புண்டு. 1980 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் இலங்கையின் அக்காலப் பிரதமர் ஆர். பிரேமதாசா முன்வைத்த யோசனையே இதற்கு வித்தாயிற்று. 1982 இல் பொதுச்சபை அதனை முறையாகப் பிரகடனஞ் செய்தது. 1978 இல் இலட்சம் வீட்டுத் திட்டத்தையும் 1984 இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தையும் தொடங்கிய இலங்கை, மக்கள் தாமே கட்டும் வீட்டுக்கு அரசு சிறுகடனும் ஆலோசனையும் வழங்கித் துணைநிற்கும் முறையை உலகுக்கு எடுத்துக்காட்டிற்று. அதே காலத்தில், 1983 ஜூலை வன்செயல்களினாலும் தொடர்ந்த போரினாலும் பல்லாயிரம் தமிழ் மக்கள் வீடிழந்து முகாம்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் தஞ்சம் புகுந்திருந்தனர் என்பது இவ்வரலாற்றின் மறுபக்கமாகும்.

இலங்கையின் யோசனையிற் பிறந்த இவ்வாண்டு பின்லாந்தில் எதிர்பாராத விளைவைத் தந்தது. 1987 இல் பதவியேற்ற ஹாரி ஹொல்கேரியின் அரசாங்கம், தன் பதவிக்காலம் முடிவதற்குள், அதாவது 1991 இற்குள், வீடின்மையை ஒழிப்பதாகத் தன் கொள்கைத் திட்டத்தில் அறிவித்தது. அதனிலும் முக்கியமாக, வீடற்றோரை ஆண்டுதோறும் எண்ணும் வழக்கம் அவ்வாண்டிலே தொடங்கிற்று. தெருவில் உறங்குவோரை மாத்திரமன்றி, விடுதிகளிலும் நிலையங்களிலும் தங்குவோரையும், தமக்கென வீடின்றி நண்பர், உறவினர் வீடுகளில் ஒண்டியிருப்போரையும் இக்கணக்கு உள்ளடக்கிற்று. முதற்கணக்கின்படி அத்தொகை 18,000 அளவினதாக இருந்தது. எண்ணப்படாத துன்பம் ஆட்சியாளரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆண்டுதோறும் ஒரே முறையில் எண்ணி வெளியிடப்பட்டமையால், எந்த அரசாங்கமும் இப்பிரச்சினையை மறைக்க இயலாத நிலை தோன்றிற்று.

வாக்களித்தபடி 1991 இற்குள் வீடின்மை ஒழியவில்லை. அவ்வாண்டளவில் பின்லாந்து கடும் பொருளாதார வீழ்ச்சியுட் சிக்கியது, வேலையின்மை பன்மடங்காகிற்று. எனினும் வீட்டு விலைகள் பெரிதும் வீழ்ந்தமையால் ஒய் அறக்கட்டளை முதலியன குறைந்த செலவில் வீடுகளை வாங்க முடிந்தது. 1990களின் நடுப்பகுதியில் வீடற்றோர் தொகை 10,000 அளவுக்குக் குறைந்தது. நெருக்கடிக் காலத்தில் நலத்திட்டங்களைக் கைவிடுவதே இயல்பு என எண்ணுவோர்க்கு இது தக்க மறுமொழியாகும்.

படிக்கட்டு முறையும் அதன் குறைபாடும்

இதன்பின் முன்னேற்றம் தளர்ந்தது. 2008 ஆம் ஆண்டளவில் வீடற்றோர் ஏறத்தாழ 8,000 பேராகவும், அவர்களுள் நெடுங்காலமாக வீடற்றிருந்தோர் 3,500 பேரளவிலும் இருந்தனர். ஓராண்டுக்கு மேலாகவோ, மூன்றாண்டுகளுள் மீண்டும் மீண்டுமோ வீடின்றி இருந்தோரும், மதுப்பழக்கம், போதைப்பொருட் பழக்கம், மனநோய் முதலியவற்றால் அல்லலுற்றோரும் இப்பிரிவில் அடங்குவர். சாதாரண வீடமைப்பு ஏற்பாடுகள் இவர்களை எட்டவில்லை.

அதற்குக் காரணம் அக்காலம் வரை வழக்கிலிருந்த ‘படிக்கட்டு முறை’யாகும். இம்முறையில் வீடு ஒரு பரிசு. தெருவிலிருந்து வருவோன் முதலில் இரவு விடுதியிலும், பின் பொதுக்கூடத்திலும், அடுத்துப் பயிற்சி வீட்டிலும் தங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் குடியை விட்டொழித்து, ஒழுங்கைக் கடைப்பிடித்துத் தன் தகுதியை மெய்ப்பித்த பின்னரே சொந்த வாடகை வீட்டை அடைய முடியும். ஒருமுறை தவறினால் அடிப்படிக்கே திரும்ப வேண்டும். மேலோட்டமாக நோக்குங்கால் இது நியாயமானதாகத் தோன்றும். ஆயின், இருபது பேர் உறங்கும் கூடத்தில் குடியை விடுதல் எத்துணை அரிது என்பதை இம்முறையை வகுத்தோர் எண்ணவில்லை. நோய் நீங்கியபின் மருந்து தரப்படும் என்பதை ஒத்தது இது. படியேறியவர் சிலர், அடிப்படியிலேயே பல்லாண்டு கழித்தவர் பலர்.

‘கதவில் பெயர்’

2007 இல் அரசினால் நியமிக்கப்பட்ட நால்வர் குழுவொன்று இம்முறையைத் தலைகீழாக்கிற்று. ஹெல்சிங்கியின் சமூக சேவைத் தலைவர், லூதரன் பேராயர், ஒய் அறக்கட்டளையின் பணிப்பாளர் ஆகியோருடன், நாற்பது ஆண்டுகளுக்கு முன் நவம்பர் இயக்கத்தைத் தொடக்கிய மருத்துவர் தைப்பலேயும் இக்குழுவில் இடம்பெற்றார். ‘கதவில் பெயர்’ என்பது அவர்களது அறிக்கையின் தலைப்பு. பின்லாந்தின் தொடர்மாடிகளில் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் குடியிருப்போரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும்; அப்பெயர்ப்பலகையே ஒருவன் இவ்விடத்துக்குரியவன் என்பதற்குச் சான்று. விடுதிப் படுக்கைக்கு எண் உண்டு, பெயரில்லை.

இக்குழுவினரின் வாதம் எளியது. வீடு என்பது சீர்திருத்தத்தின் முடிவில் கிடைக்கும் பரிசன்று; சீர்திருத்தம் தொடங்குவதற்கு வேண்டிய முதல் நிலையே அது. ஆதலின் நிபந்தனையின்றி முதலில் வீட்டை வழங்கல் வேண்டும். பின் குடியிருப்போன் விரும்புமாறும் வேண்டுமாறும் உதவி வழங்கல் வேண்டும். அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் உளவியலாளர் சாம் செம்பேரிஸ் 1992 இல் தொடங்கிய அமைப்பும் இதே கொள்கையை மனநோயாளரிடையே செயற்படுத்தியிருந்தது. பின்லாந்தின் சிறப்பு யாதெனில், தொண்டு நிறுவனமொன்றின் பரிசோதனையாக நிற்காது நாடு முழுவதற்குமான அரச கொள்கையாக இது ஏற்கப்பட்டமையாகும். பொது அதிகாரிகள் ஒவ்வொருவரதும் வீட்டுரிமையை மேம்படுத்தல் வேண்டும் என அரசியலமைப்பின் 19 ஆம் பிரிவு கூறுவதும் இதற்குத் துணையாயிற்று.

2008 இலிருந்து 2011 வரை முதலாவது செயற்றிட்டமும், 2012 இலிருந்து 2015 வரை இரண்டாவது செயற்றிட்டமும் நடைபெற்றன. பத்து நகரங்கள் அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டன. நெடுங்கால வீடின்மையை 2011 இற்குள் அரைவாசியாக்குதல் முதற்றிட்டத்தின் குறிக்கோள். அதற்கென 1,250 வீடுகள் திட்டமிடப்பட்டன. அமைக்கப்பட்டவை 1,500 ஐ விஞ்சின. கட்டடச் செலவிலும் உதவிப் பணியாளரின் ஊதியத்திலும் அரசும் நகராட்சிகளும் பங்கேற்றன.

விடுதி வீடான விதம்

இத்திட்டங்களின் மிகத் துணிவான பகுதி இரவு விடுதிகளை மூடியமையாகும். ஹெல்சிங்கியின் அல்ப்பிக்காத்து வீதியில் இரட்சணிய சேனை பல்லாண்டு காலம் நடத்திய விடுதி இதற்குச் சிறந்த உதாரணம். கூட்டாக உறங்கும் கூடங்கள் நீக்கப்பட்டு, அதே கட்டடத்தில் தனித்தனிச் சமையலிடமும் குளியலறையும் கொண்ட ஏறத்தாழ 80 சிறு வீடுகள் அமைக்கப்பட்டன. மணிமேகலையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமான கதை வரும். இங்கு அறக்கோட்டம் வீடாயிற்று எனலாம்.

1985 இல் ஹெல்சிங்கியில் விடுதிப் படுக்கைகள் 2,100 அளவில் இருந்தன. 2008 இல் அவை 558 ஆகவும் 2016 இல் 52 ஆகவும் குறைந்தன. அதே காலத்தில், உதவிச் சேவையோடு கூடிய வீடுகள் 127 இலிருந்து 1,309 ஆகவும், வீடற்றிருந்தோருக்கென வழங்கப்பட்ட தனி வாடகை வீடுகள் 65 இலிருந்து 2,400 இற்கு மேலாகவும் பெருகின. படுக்கை குறையக் குறைய வீடு பெருகியது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. வீடு தயாராகுமுன் விடுதியை மூடியிருந்தால் அது கொடுமையாகவே முடிந்திருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

குடியிருப்போர் ஒவ்வொருவரும் சாதாரண வாடகை உடன்படிக்கையிற் கையொப்பமிடுகின்றனர். வாடகை அவர்களாலேயே செலுத்தப்படுகின்றது. வருமானம் போதாதவிடத்து அரசின் வீட்டுப்படி துணைபுரிகின்றது. உதவிப் பணியாளர் ஒரே கட்டடத்திலோ அண்மையிலோ இருப்பர். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல், கடன்களை ஒழுங்குபடுத்தல், படிவங்களை நிரப்புதல், சமைக்கவும் வீட்டைப் பேணவும் கற்பித்தல், சிறு வேலைகளைத் தேடிக்கொடுத்தல் முதலியன அவர்தம் பணிகள். குடிப்பழக்கம் நீங்கவில்லை என்பதற்காக எவரும் வீட்டினின்று வெளியேற்றப்படுவதில்லை. ஆயின், வாடகை செலுத்தாமையும் அயலாருக்குத் தீங்கிழைத்தலும் ஏனைய குடிமக்களுக்குப் போன்றே இவர்களுக்கும் உரிமையிழப்பைத் தரக்கூடும். உரிமையும் பொறுப்பும் பிறருக்குப் போன்றே இவர்களுக்கும் உண்டு என்பதே இக்கொள்கையின் உட்பொருள்.

இத்தகைய கட்டடங்கள் தம் அயலில் அமைவதைப் பல இடங்களில் மக்கள் எதிர்த்தனர். அச்சத்தைப் பழித்துரைப்பதாற் பயனில்லை என்பதை அமைப்பினர் உணர்ந்தனர். அயலாரோடு தொடர்ந்து உரையாடவும் முறைப்பாடுகளுக்கு உடன் பதிலளிக்கவும் தனிப் பணியாளர் நியமிக்கப்பட்டனர். குடியிருப்போர் தாமே சுற்றுப்புற வீதிகளையும் பூங்காக்களையும் துப்புரவாக்கும் வழக்கமும் ஏற்பட்டது. எதிர்ப்பு முற்றாக மறையவில்லையாயினும், பழக்கத்தினால் அச்சம் தணிந்தது.

பெறுபேறுகளும் குறைகளும்

2008 இற்கும் 2015 இற்குமிடையில் நெடுங்கால வீடின்மை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. அரைவாசியாக்குதல், முற்றாக ஒழித்தல் என்னும் இலக்குகள் எட்டப்படவில்லை. ஆயினும், ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் வீடின்மை பெருகிய அக்காலத்தில் குறைவைக் கண்ட நாடு பின்லாந்து என்பது இதன் பெறுமதியை உணர்த்தும். வீடற்றோர் தொகை 2020 இல் 4,341 ஆகவும், 2023 இல் 3,429 ஆகவும் இறங்கிற்று. செலவினை நோக்கினும் இது வீண்விரயமன்று. தம்பேரே நகரின் உதவி வீடொன்றைப் பற்றி 2011 இல் வெளிவந்த ஆய்வு, மருத்துவமனை, பொலிஸ், விடுதி ஆகியவற்றுக்கான செலவு குறைவதால் குடியிருப்போர் ஒருவருக்கு ஆண்டொன்றில் ஏறத்தாழ 14,000 யூரோ மீதமாகின்றதெனக் கணித்தது. ஆய்வுக்கு உட்பட்டோர் சிலரே ஆகையால் இதனைப் பொதுவிதியாகக் கொள்ளல் ஆகாது எனினும், வீடின்மையைப் பேணுதற்கும் பெருஞ்செலவு உண்டென்பதை அது புலப்படுத்துகின்றது.

குறைகளும் இல்லாமலில்லை. வீடு கிடைத்தபின் தனிமை சிலரை வாட்டுகின்றது. விடுதியின் நெரிசலிலும் ஒருவகைத் தோழமை இருந்ததை அவர்கள் நினைந்து ஏங்குவதுண்டு. போதைப் பழக்கமுடையோரைப் பெருந்தொகையாக ஒரே கட்டடத்திற் குடியமர்த்தல் பழக்கத்தை நீடிக்கச் செய்கின்றது என்பது பலரால் முன்வைக்கப்படும் கண்டனம். கணக்கெடுப்பில் இடம்பெறுவோருட் பெரும்பான்மையினர் நண்பர், உறவினர் இல்லங்களில் தங்குவோர் ஆதலின், அவர்களை உதவி உரியகாலத்தில் சென்றடைவதும் எளிதன்று. இளைஞரும் பெண்களும் குடிவரவாளரும் எதிர்கொள்ளும் இடர்களுக்கு, தனித்த ஆடவரை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட ஏற்பாடுகள் முற்றும் பொருந்துவனவல்ல. இவற்றைக் கருத்திற்கொண்டே 2016 இலிருந்து 2019 வரையிலான மூன்றாவது திட்டம் வீடிழப்பை முன்கூட்டியே தடுத்தலில் கவனஞ் செலுத்திற்று.

அடித்தளமும் அதன் தளர்ச்சியும்

பின்லாந்தின் வெற்றியைக் கேள்வியுற்ற பிறநாட்டார் பலர் ‘வீடு முதலில்’ என்னும் தொடரை மட்டும் கொண்டுசென்றனர். முதலில் வழங்குதற்கு வீடு இருத்தல் வேண்டும் என்பதை அவர்கள் போதிய அளவு சிந்திக்கவில்லை. ஹெல்சிங்கி நகராட்சி தன் எல்லைக்குட்பட்ட நிலத்தின் பெரும்பகுதிக்கு உரிமை பூண்டுள்ளது. பல்லாயிரக்கணக்கான வாடகை வீடுகளும் அதற்குச் சொந்தமாக உள்ளன. புதிய குடியிருப்புப் பகுதிகளில் செல்வர் வீடுகளோடு குறைந்த வாடகை வீடுகளும் கலந்தே அமைக்கப்படல் வேண்டும் என்பது நெடுநாட் கொள்கை. ஒய் அறக்கட்டளையும் இன்று 18,000 இற்கு மேற்பட்ட வீடுகளை உடைய பெரும் வாடகை நிறுவனமாக வளர்ந்துள்ளது. இவற்றோடு வீட்டுப்படியும் சேர்ந்தே கொள்கையைத் தாங்கி நின்றன.

2024 ஆம் ஆண்டு இத்தூண்களின் தேவையை எதிர்மறையாக உணர்த்திற்று. அரசின் செலவுக் குறைப்பு நடவடிக்கையாக, அவ்வாண்டு ஏப்ரலில் பொது வீட்டுப்படி ஏற்கத்தக்க வீட்டுச் செலவின் 80 வீதத்திலிருந்து 70 வீதத்துக்குக் குறைக்கப்பட்டது. ஏனைய சமூக நலக் கொடுப்பனவுகளிலும் வெட்டுகள் இடம்பெற்றன. அவ்வாண்டு நவம்பர்க் கணக்கெடுப்பில் வீடற்றோர் தொகை 3,806 ஆக உயர்ந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து இறங்கி வந்த எண் முதன்முறையாக ஏறிற்று. வெளியிடங்களிலும் இரவு விடுதிகளிலும் உறங்குவோரின் தொகை பெருகியமை குறிப்பாகக் கவலைக்குரியது. நெடுங்கால வீடின்மையை 2027 இற்குள் ஒழிப்பது தன் குறிக்கோளெனக் கூறிய அதே அரசாங்கத்தின் காலத்திலேயே இது நிகழ்ந்தது. வெட்டுகளே முழுக் காரணம் என உடனடியாக முடிவு கட்டுதல் வரலாற்று முறையன்று. புதிய வீடுகளின் கட்டுமானம் வீழ்ச்சியுற்றமையும் வேலையின்மையும் உடன்நிகழ்ந்தன. ஆயினும், வாடகையைச் செலுத்த இயலாதவனுக்கு வாடகை உடன்படிக்கை நெடுநாள் துணைநில்லாது என்பது வெளிப்படை.

பின்லாந்தின் வரலாற்றை முழுமையாக நோக்குமிடத்து மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. முதலாவது, வீடின்மை தனிமனிதனின் குணக்கேட்டால் மாத்திரம் தோன்றுவதன்று. போர், குடிப்பெயர்வு, வாடகை, கூலி, சட்டம் என்பவற்றின் ஒன்றுசேர்ந்த விளைவு அது. நான்கு இலட்சம் அகதிகளைக் குடியமர்த்திய நாடு சில ஆயிரம் தனித்த ஆடவரை மறந்தமைக்குக் காரணம் வறுமையன்று, அவர்களைப் பற்றிய மதிப்பீடே. இரண்டாவது, வீடும் உதவியும் ஒன்றையொன்று வேண்டிநிற்பன. உதவியற்ற வீடு நோயாளனைத் தனிமையில் தள்ளும். வீடற்ற உதவி நீரிலெழுதிய எழுத்தாகும். மூன்றாவது, ஒருமுறை பெற்ற வெற்றி நிலைத்த வெற்றியாவதில்லை. 1967 இன் மரணங்களிலிருந்து 2023 இன் குறைந்த எண் வரை வந்த பாதை அரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது. அதிலிருந்து பின்வாங்குவதற்கு ஓராண்டே போதுமாயிற்று.

தமிழில் ‘வீடு’ என்னுஞ் சொல் உறையுளையும் விடுதலையையும் ஒருங்கே குறிப்பது. அறம், பொருள், இன்பம் ஆகியவற்றின் முடிவில் வைத்தெண்ணப்படும் வீடு வேறு. மனிதன் தன் பெயரெழுதிய கதவைத் திறந்து உள்நுழையும் வீடு வேறு. முன்னது தகுதியுடையோர்க்கே கிட்டுவது என்பர் ஆன்றோர். பின்னதற்கும் அதே விதியைப் பொருத்திப் பார்த்த சமூகங்கள் தம் மக்களிற் சிலரை உறைபனியிலும் தெருவோரத்திலும் மடியவிட்டன. அவ்விதியைக் கைவிட்டமையே பின்லாந்தின் சாதனை. அதனைத் தொடர்ந்து காக்குமா என்பது அந்நாட்டு மக்கள் இனி அளிக்கும் விடையைப் பொறுத்தது.